ஃபுட் மில்லில் தக்காளித் தோல் சிக்குகிறது, வழி சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். டொராண்டோவில் செப்டம்பர் வந்தால் ரோமா தக்காளி பெட்டி பெட்டியாக இறங்கும், தெரியும்தானே. சாஸ் செய்து ஃப்ரீசரில் வைக்கலாம் என்று கையால் சுற்றும் ஃபுட் மில் (வெந்த காயை அலகால் அழுத்தி, அடியிலுள்ள துளைத் தட்டு வழியாக மசித்து இறக்கும் பாத்திரம்) ஒன்று வாங்கியிருக்கிறேன். மிக்ஸியில் அடித்தால் விதையும் அரைபட்டு, காற்று ஏறி நிறம் வெளுத்துவிடுகிறது. இதில் அந்தத் தொல்லை இல்லை. உருளைக்கிழங்கு சூப்பும் பசையாக இழுக்காமல் அருமையாக வருகிறது.

சிக்கல் தக்காளியில்தான். முதலில் தண்ணீர் கடகடவென்று இறங்கிவிடுகிறது. அப்புறம் தோல் சுருண்டு அலகுக்கு அடியில் மெத்தை மாதிரி படிய, கைப்பிடி சும்மா சுற்றுகிறது. எதிர்ப்பக்கம் திருப்பினால் தோல் மேலே வரும். நாலு சுற்றில் மறுபடியும் அதே கதை. ஒதுக்கிய தோலில் அவ்வளவு சதை ஒட்டியிருக்கிறது, பார்த்தால் வயிறு எரிகிறது.

நடுத்தரத் துளைத் தட்டைத்தான் போடுகிறேன். சின்னத் துளையில் விதை நிற்கும், ஆனால் கை கழன்றுவிடும். தக்காளியை வெட்டி எவ்வளவு நேரம் வேகவைக்கிறீர்கள்? தண்ணீரை முன்பே வடித்துவிடலாமா? அலகைத் தட்டோடு அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்க வழி உண்டா? அப்படியே, தட்டு துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவி வைப்பவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.