கரி கிரில்லில் ஃப்ரோசன் பீட்சா: அடி கருகுகிறது, சீஸ் உருகவில்லை

கேள்வி (பசிநேரம்):
ஓவன் கெட்டுப்போய் இரண்டு வாரம் ஆகிறது. ஃப்ரீசரில் நாலு பீட்சா கிடக்கிறது, மூடி போட்ட வட்டக் கரி கிரில் ஒன்று இருக்கிறது, சரி அதிலேயே போட்டுப் பார்ப்போம் என்று நேற்று இறங்கினேன். கரியை அடி முழுக்கப் பரப்பி, கனிந்ததும் பீட்சாவை நேராகக் கம்பி மேல் வைத்தேன். கருகினால் உடனே தெரியட்டும் என்று மூடாமலே விட்டேன். ஆறு நிமிடத்தில் அடிப்பக்கம் கோடு கோடாகக் கரிந்துவிட்டது, மேலே சீஸ் துருவல் துருவலாக அப்படியே இருந்தது, நடுவில் விரல் வைத்தால் ஜில்லென்றது. பிள்ளைகள் ஓரத்தை மட்டும் பிய்த்துத் தின்றுவிட்டு எழுந்து போனது மனதுக்குக் கஷ்டமாகிவிட்டது. அடுத்த முறை ஒரு மணி நேரம் வெளியே வைத்து இளகவிட்டுப் போடலாமா? பீட்சாவுக்கு அடியில் சூடாக்கி வைக்கும் தட்டையான பீட்சா கல் வாங்கியே ஆக வேண்டுமா?

பதில் (தணல்):
இளகவிடாதீர்கள். இளகினால் மாவு துவண்டு கம்பிக்கு நடுவே தொங்கும், திருப்பிவிடக்கூட முடியாது. கல் போல உறைந்திருக்கும்போது கம்பி மேல் வைப்பதுதான் சுலபம்.

உங்கள் சிக்கல் வேறு. ஓவனில் நாலு பக்கத்திலிருந்தும் சூடு வரும், திறந்த கரி அடுப்பில் கீழிருந்து மட்டும்தான் வரும். தணல் நேராக அடியைத் தாக்குகிறது, மேலே போகும் சூடு காற்றோடு போய்விடுகிறது, பிறகு சீஸ் எப்படி உருகும்? அதனால் கிரில்லை ஓவனாக மாற்ற வேண்டும். கரியை நடுவிலிருந்து ஒதுக்கி, சுவரை ஒட்டி வளையமாகத் தள்ளுங்கள். ஒரு பக்கமாகக் குவிக்கச் சொல்வார்கள், கோழிக்கு அது சரி, ஆனால் 30 செ.மீ. பீட்சா 57 செ.மீ. கிரில்லின் பாதிக்குள் அடங்காது, ஒரு ஓரம் தணலுக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். வளையமாக வைத்தால் நடுவில் கரியே இல்லாத இடம் கிடைக்கும், பீட்சா அதற்கு மேலே. மூடியைப் போட்டு, கீழ்த் துவாரம் முழுக்கவும் மேல் துவாரம் முக்காலும் திறந்து, பத்து நிமிடம் வெறுமனே காயவிட்டு, மூடியில் இருக்கும் சூடு காட்டும் முள் 220 டிகிரி செல்சியஸ் பக்கம் வந்ததும் வையுங்கள். 12 முதல் 18 நிமிடம். பாதியில் ஒரே ஒரு தடவை திறந்து அரை வட்டம் திருப்புங்கள். சும்மா சும்மா திறந்தால் மேல்சூடு போவதோடு, காற்று பட்டுத் தணலும் சீறிக்கொண்டு எழும், அடி மறுபடி கருகும்.

பதில் (மாவுக்கை):
தணல் சொன்னதோடு ஒன்று. கல் வாங்கினாலும் ஃப்ரோசன் பீட்சாவுக்குப் பயன்படுத்தாதீர்கள். நான் அரை மணி நேரம் கல்லைக் காயவைத்து, ஃப்ரீசரிலிருந்து எடுத்த பீட்சாவை அப்படியே அதன் மேல் வைத்தேன், பட்டென்று ஒரு சத்தம், கல் நடுவில் இரண்டாகப் பிளந்துவிட்டது. சூட்டில் விரிந்திருந்த கல்லில் ஓர் இடம் மட்டும் சட்டென்று குளிர்ந்து சுருங்கியதுதான் காரணம். பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்தால் உறைந்த பொருளை வைக்காதே என்று தெளிவாகப் போட்டிருந்தது. இப்போது எதுவும் வைப்பதில்லை, வெறும் கம்பிதான். அடி இன்னும் மொறுமொறுப்பாக வேண்டும் என்றால் கனமான வார்ப்பிரும்புத் தட்டு போதும். அப்புறம், அடியில் வரும் அட்டையை எடுத்துவிட்டீர்களா பாருங்கள், அவசரத்தில் அது அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

கேள்வி (பசிநேரம்):
அட்டையை எடுத்துவிட்டேன். என் மூடியில் முள் இல்லையே, சூட்டை எப்படித் தெரிந்துகொள்வது? நேற்று பீட்சாவில் லேசாக மண்ணெண்ணெய் வாடையும் அடித்தது.

பதில் (தணல்):
பற்றவைக்கும் திரவம் ஊற்றினீர்கள் போலிருக்கிறது. கரி மேலெல்லாம் சாம்பல் நிறமாக நீறு பூக்கும் வரை பொறுக்க வேண்டும், அதற்கு முன்னால் வைத்தால் அந்த வாடை நேராக மாவில் ஏறும். கரியைச் சிம்னியில், அதாவது கரி பற்றவைக்கும் உலோகக் குழாயில், போட்டு அடியில் காகிதம் கொளுத்தினால் அந்தத் திரவமே வேண்டாம், 20 நிமிடத்தில் தயார். உங்கள் அளவுக்கு ஒரு சிம்னி நிறையக் கரி போதும். முள் இல்லாவிட்டால் ஓவனுக்குள் வைக்கும் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்றைக் கம்பி மேலேயே வையுங்கள். மூடியில் உள்ள முள்ளைவிட அதுதான் நம்பகம், பீட்சா இருக்கும் உயரத்துச் சூட்டைக் காட்டும்.

ஒரு விஷயம் கட்டாயம்: மழை வந்தால்கூடக் கிரில்லை வீட்டுக்குள்ளோ கார் ஷெட்டுக்குள்ளோ கொண்டுபோகாதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

பதில் (பசிநேரம்):
இன்று மாலை செய்துவிட்டேன். வளையமாகக் கரி, மூடி போட்டு 14 நிமிடம், ஏழாவது நிமிடத்தில் ஒரு திருப்பு. அடி பொன்னிறம், சீஸ் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி ஓரத்தில் லேசாகச் சிவந்திருந்தது, நடுத்துண்டைத் தூக்கினால் வளையாமல் நின்றது. பெரியவள் இரண்டாவது பீட்சா எப்போது என்று கேட்டாள், அதற்குள் தணல் இறங்கிவிட்டதால் பத்துப் பன்னிரண்டு கரித்துண்டு சேர்த்து நீறு பூக்கும்வரை காத்திருந்து வைத்தேன், அது 17 நிமிடம் எடுத்தது. இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.