புதுப்பிப்பு: லண்டன் பார்க்கிங் அபராதம் ரத்தாகிவிட்டது

கட்டணம் செலுத்திய நேரம் முடிந்து ஏழே நிமிடத்தில் அபராதச் சீட்டு ஒட்டிவிட்டார்கள், இது பணம் பிடுங்கும் வேலை என்று போன மாதம் கொதித்து எழுதியிருந்தேன். ஆட்சேபக் கடிதம் அனுப்பினேன், அபராதம் ரத்தாகிவிட்டது. இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றங்களின் கட்டண நிறுத்துமிடங்களில் 2015 முதல் 10 நிமிட அவகாசம் சட்டப்படி உண்டு.

ஒரு திருத்தம். மன்றங்கள் இந்தப் பணத்தை இஷ்டம்போல் செலவழிக்கின்றன என்று எழுதியது தவறு. 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி உபரித் தொகை பெரும்பாலும் போக்குவரத்துச் செலவுகளுக்கே போக வேண்டும். வடக்கு லண்டனின் பார்னெட் மன்றம் குடியிருப்போர் தெருவில் வண்டி நிறுத்துவதற்கான அனுமதிக் கட்டணத்தை 40 பவுண்டிலிருந்து 100 ஆக்கியபோது, வருமானத்துக்காக அப்படி உயர்த்த முடியாது என்று 2013இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர் அங்கே குடியிருந்த டேவிட் ஆட்ஃபீல்ட் என்பவர்!

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. 14 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை. தீர்ப்பாயம் வரை போய்த் தோற்றால் முழுத்தொகை. கையில் காசில்லாதவர், நியாயம் தன் பக்கம் இருந்தாலும், பயந்து பாதியைக் கட்டிவிடுகிறார். இதை நியாயம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கடித நகல் கேட்டவர்களுக்கு இன்றிரவு அனுப்புகிறேன்.