ஜப்பானில் இருட்டிய பிறகு: போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. நவம்பரில் நானும் மனைவியும் எட்டு நாள் ஜப்பான் போகிறோம். பகலுக்கு அசகுசா, சென்சோஜி கோயில், கியோட்டோ என்று முடிவாகிவிட்டது. குழப்பமெல்லாம் ராத்திரிக்குத்தான்.

டோக்கியோ ஷிஞ்சுகுவில் கோல்டன் காய் (காய்கறிச் சந்தை இல்லை!) என்ற சந்துகளில் குட்டிக் குட்டி மதுக்கடைகள் 200-க்கு மேல் இருக்கின்றன. ஏழெட்டுப் பேர் உட்கார்ந்தாலே பல கடைகள் நிறைந்துவிடும்; உட்காரவே தனிக் கட்டணம் வாங்கும் கடைகளும் உண்டு. நான் ஒரு பியரோடு நிறுத்திக்கொள்வேன், மனைவி குடிப்பதே இல்லை. எங்களைப் பார்த்து முகம் சுளிப்பார்களா?

இசகாயாவில் (சாப்பாடும் கிடைக்கும் ஜப்பானிய மதுக்கடை) கேட்காமலே வைக்கும் ‘ஓதோஷி’ என்ற சிறு தீனிக்கும் காசு என்று தெரியும். மனைவி சைவம். அதை வேண்டாம் என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா? சமையலில் சேர்க்கும் ‘தாஷி’ என்ற சாற்றில் மீன் இருக்குமே என்ற கவலை வேறு.

அப்புறம், கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி கோயில் இரவிலும் திறந்திருக்கும். ஒன்பது மணிக்கு மேல் தோரி வாசல்கள் வழியாக மலையேறியவர் யாராவது உண்டா? வெளிச்சம் போதுமா?

டோக்கியோவில் நள்ளிரவை ஒட்டி ரயில் நின்றுவிடும். தவறவிட்டவர்கள் என்ன செய்தீர்கள்? சொந்த அனுபவம் மட்டும் சொல்லுங்கள். யூடியூப் பார்த்துக் கண் வலிக்கிறது.