கோத்தகிரி இறக்கத்தில் பிரேக் பெடல் தரைவரை போனது: பெரிய டிஸ்க் மாற்றலாமா?

திருப்பூர்_வண்டி:
வணக்கம். சென்ற ஞாயிறு கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கிக்கொண்டிருந்தோம். வண்டியில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். பாதி தூரம் இறங்கிய பிறகு பெடல் வழக்கத்தைவிடக் கீழே போகத் தொடங்கியது. அடுத்த இரண்டு வளைவுகளில் தரையையே தொட்டுவிட்டது. திரும்பத் திரும்ப மிதித்து, கீழ் கியருக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, ஓரத்து மண்மேட்டை ஒட்டி நிறுத்தினேன். முன் சக்கரங்களில் கருகல் வாடை. முக்கால் மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால், எதுவுமே நடக்காததுபோல் பெடல் கெட்டியாக நிற்கிறது!

2015இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். முன்னால் டிஸ்க் (சுழலும் தகட்டைப் பேட் எனும் கட்டைகள் இறுக்கும் வகை), பின்னால் டிரம் (உருளைக்குள் ஷூ எனும் கட்டைகள் விரிந்து அழுத்தும் வகை), 14 அங்குலச் சக்கரம், ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லை. 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மறுநாள் மெக்கானிக் பார்த்துவிட்டு, "பேட் பாதிக்கு மேல் இருக்கிறது, ஒரு குறையும் இல்லை" என்றார். கோவையில் ஒரு கடையில் முன்னால் பெரிய டிஸ்க், பின்னால் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க், ஆக மொத்தம் 65,000 ரூபாய் சொல்கிறார்கள். பிள்ளைகள் உட்காரும் வண்டி என்பதால் செலவுக்குத் தயங்கவில்லை. மாற்றிவிடலாமா?

பட்டறை_முப்பதாண்டு:
தம்பி, முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். முதலில் இதைச் சொல்லுங்கள். பெடல் பஞ்சுபோல் அமுங்கித் தரைக்குப் போனதா, அல்லது கல்லாக நின்றும் வண்டி மட்டும் நிற்காமல் போனதா? எந்த கியரில் இறங்கினீர்கள்? பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? ஊற்றி நிரப்பியதைக் கேட்கவில்லை, பழையதை முழுக்க வெளியேற்றி மாற்றியதைக் கேட்கிறேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் எத்தனை சொடுக்கில் பிடிக்கிறது?

திருப்பூர்_வண்டி:
பஞ்சுபோல்தான் அமுங்கியது ஐயா. பெரும்பாலும் மூன்றாவது கியர். நேரான இடங்களில் பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் விட்டேன். பிரேக் ஆயில் மாற்றியதாக நினைவில்லை, குறைந்தபோது ஊற்றியிருக்கிறார்கள். ஹேண்ட் பிரேக் பத்துச் சொடுக்குக்கு மேல் போகிறது.

பட்டறை_முப்பதாண்டு:
அப்படியென்றால், மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் உங்கள் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன், ஏனென்றால் உங்களைப் போன்றவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தவறான பொருளை வாங்குகிறார்கள்.

கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வேறுபாடு 1,400 மீட்டருக்கு மேல். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஐம்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. எஞ்சின் அதில் ஒரு பங்கைத் தாங்காவிட்டால் பெரும்பகுதி முன் டிஸ்க்குகளில்தான் வெப்பமாக இறங்கும். அங்கிருந்து பேட், அதை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் வழியாக ஆயிலுக்குப் போகும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 3, டாட் 4 என்பவை ஆயிலின் தர வகைகள். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும். அதில் 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் 140 வரை இறங்கலாம் என்று தரவரையறையே சொல்கிறது. டாட் 4 என்றால் 230, 155. உங்கள் ஆயில் எத்தனை மழைக்காலம் கண்டது என்று எண்ணிப் பாருங்கள். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவி அமுங்கும். அதனால்தான் பெடல் தரைக்குப் போனது. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடல் கெட்டியாகும். மறுநாள் பட்டறையில் எப்படிக் குறை தெரியும்? அந்த மெக்கானிக்கைக் குறை சொல்வதற்கில்லை.

பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால் கதை வேறு. அது பேட் சூடேறிப் பிடிப்பை இழப்பது, அல்லது மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரின் கோளாறு. எஞ்சின் சும்மா ஓடும்போது, காலை அழுத்தியபடியே வைத்திருக்க, பெடல் மெல்ல மெல்ல இறங்கினால், ஆயிலுக்கு அழுத்தம் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் உள்வளையங்கள் கசிகின்றன. பிரேக் அடித்தால் ஸ்டீயரிங் நடுங்குவது டிஸ்க்கின் பரப்பில் உள்ள சீரின்மை. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பெரிய டிஸ்க் இவற்றில் எதையும் நேரடியாகக் குணப்படுத்தாது, கொதிக்கும் நேரத்தைச் சற்றுத் தள்ளிப்போடும்.

ஹேண்ட் பிரேக் பத்துச் சொடுக்கு போகிறது என்றீர்களே, பின் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். ஷூ தேயத் தேய இடைவெளியைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து நின்றிருக்கும். பின் ஷூ தாமதமாகப் பிடித்தால் முன் சக்கரங்களுக்கு வேலை கூடும்.

சேலம்_நான்குவட்டு:
65,000 ரூபாய்க்கு அருகில் செலவழித்து அதே மாற்றத்தைச் செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தயவுசெய்து பின் டிரம்மைத் தொடாதீர்கள். பிரேக் அடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது, பின் சக்கரத்தின் பாரம் குறைகிறது. பின்னால் எவ்வளவு அழுத்தம் போக வேண்டும் என்பதை டிரம்முக்காகவே கணக்கிட்டு வால்வு வைத்திருக்கிறார்கள். என் வண்டியில் அந்த வால்வை அப்படியே விட்டுவிட்டு டிஸ்க் மாட்டினார்கள். ஏ.பி.எஸ். கிடையாது. மழையில் ஒருமுறை பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி குறுக்காகத் திரும்பி நின்றது. எதிரே லாரி இல்லாதது என் நல்ல காலம். ஹேண்ட் பிரேக்கும் சரிவில் நிற்கவில்லை. மறுபடி டிரம்முக்கே மாறினேன்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. விபத்து என்று வந்தால் காப்பீட்டில் கேள்வி எழும்.

மலைக்கிளி:
நான் வால்பாறையில் இருக்கிறேன். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை வாரம் இருமுறையாவது இறங்குகிறேன், அதுவும் சிறிய கார்தான். தம்பி, நியூட்ரலை இன்றோடு விட்டுவிடுங்கள். இன்றைய பெட்ரோல் எஞ்சினில் கியரிலேயே காலை எடுத்துவிட்டு இறங்கினால் கணினி பெட்ரோல் பீய்ச்சுவதையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கப் பெட்ரோல் செலவாகிறது. ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர், வளைவுகளில் இரண்டாவது. எஞ்சின் இரைகிறதே என்று பயப்பட வேண்டாம், எஞ்சின் வேகம் காட்டும் முள் சிவப்புக்கோட்டைத் தொடாதவரை ஒன்றும் ஆகாது.

பிரேக்கில் காலை வைத்தபடியே இழுத்துக்கொண்டு வராதீர்கள். வளைவுக்கு முன் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை முழுக்க எடுத்துவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிஸ்க் மூச்சு வாங்கும்.

பொறியாளன்_மதுரை:
முன் பிரேக்கை மேம்படுத்துவதே வீண் என்று சொல்லிவிட முடியாது. உங்கள் முன் டிஸ்க் ஒற்றைத் தகடா, நடுவே காற்று போகும் இரட்டைத் தகடா? ஒற்றைத் தகடு என்றால், அதே காரின் உயர்ந்த வகையில் இரட்டைத் தகடு வந்திருக்கிறதா என்று பாகங்கள் பட்டியலில் பாருங்கள். காலிப்பர், டிஸ்க், தாங்கி மூன்றும் தயாரிப்பாளருடையதாகவே கிடைத்து, சக்கரத்துக்குள்ளும் இடம் இருந்தால் அது நியாயமான மாற்றம்.

பட்டறை_முப்பதாண்டு:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது மூன்றாவது படி. முதலில் இருப்பதை முழுத் திறனுக்குக் கொண்டுவருவோம். டாட் 4 அல்லது டாட் 5.1 ஊற்றலாம். டாட் 5 என்பது சிலிக்கோன், பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் அதைக் கலக்கவே கூடாது. காலிப்பர் நகர்ந்து செல்லும் கம்பிகளைக் (ஸ்லைடு பின்) கழற்றித் துடைத்து, பிரேக்குக்கான சிலிக்கோன் கிரீஸ் மட்டும் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறித்திருக்கும், அளந்து பாருங்கள். பேட் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

திருப்பூர்_வண்டி:
பதினைந்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். முன் டிஸ்க் இரட்டைத் தகடுதான். வெளியேற்றிய ஆயில் கறுத்த டீ நிறத்தில் வந்தது. இடது காலிப்பரில் ஒரு ஸ்லைடு பின் அசையவே இல்லை. உள்பக்கப் பேட் ஏறக்குறைய தேய்ந்தே போயிருந்தது. அன்று மெக்கானிக் சக்கரத்தின் வழியே வெளிப்பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார். பின் அட்ஜஸ்டர் இரண்டும் துரு. எல்லாம் சரிசெய்து, புதிய பேட், டாட் 4 ஆயில், கூலியோடு 6,200 ரூபாய். ஹேண்ட் பிரேக் இப்போது ஐந்தாவது சொடுக்கில் பிடிக்கிறது. புதிய பேட் டிஸ்க்கோடு படிவதற்காக ஆளில்லாத சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்து வரை, முழுக்க நிற்காமல், எட்டு முறை குறைத்தேன்.

நேற்று தனியாக அதே சாலையில் இறங்கினேன். மலைக்கிளி அக்கா சொன்னபடி இரண்டாவது கியர். பெடல் மேலே ஆரம்பித்த இடத்திலேயே கீழேயும் இருந்தது. வாடை இல்லை. கோவைக் கடைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

பட்டறை_முப்பதாண்டு:
மகிழ்ச்சி தம்பி. ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். இன்னும் ஒன்று பாக்கி. பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும், வண்டியை நிறுத்துவது டயர். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பார்த்துச் சொல்லுங்கள்.

திருப்பூர்_வண்டி:
முன்னால் இரண்டும் 2222. பின்னால் இரண்டும் 1416. பின் டயர்களில் மெல்லிய வெடிப்பும் தெரிகிறது. நாளைக் காலை முதல் வேலையாக மாற்றுகிறேன் ஐயா.