புதுப்பிப்பு: அவசரச் சிறுநீர்க் கசிவுக்குக் கணுக்கால் மின்தூண்டல்

திடீரென அடக்க முடியாமல் வரும் சிறுநீர்க் கசிவுக்கு, கணுக்காலருகே ஓடும் நரம்பை டென்ஸ் கருவியால் (தோலில் ஒட்டும் பட்டைகள் வழியாக லேசான மின்சாரம் செலுத்தும் சிறு கருவி) தூண்டுவது பற்றிய என் முந்தைய பதிவைப் படித்துவிட்டு, "குத்துகிறது, பலனில்லை" என்று எழுதியவர்களுக்காக இது. பெரும்பாலும் பட்டை வைக்கும் இடம்தான் பிழை. ஒன்று உள்கணுக்கால் எலும்புக்குச் சற்றுப் பின்னால். மற்றது அதற்குச் சுமார் 10 செ.மீ. மேலே. கருவியின் அமைப்பு: நொடிக்கு 10 துடிப்பு (10 ஹெர்ட்ஸ்), ஒவ்வொரு துடிப்பும் 200 மைக்ரோசெகண்ட், ஒரு முறைக்கு 30 நிமிடம். கால் கட்டைவிரல் லேசாக மடங்கினாலோ உள்ளங்காலில் குறுகுறுப்பு பரவினாலோ நரம்பு கிடைத்துவிட்டது. பிறகு மின்னோட்டத்தை வலிக்காத அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். பட்டைக்கு அடியில் மட்டும் சுரீரென்றால் தூண்டப்படுவது வெறும் தோல். இடத்தை மாற்றுங்கள், மின்னோட்டத்தைக் கூட்டாதீர்கள். ஜெல் காய்ந்த பழைய பட்டையும் இப்படித்தான் குத்தும்.

35–50 ஹெர்ட்ஸ் என்பது இருமல், தும்மலின்போது வரும் கசிவுக்கு இடுப்புத்தளத் தசையை (சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசை) இறுக்கப் பயன்படுவது, இங்கே வேண்டாம். இரண்டே வாரத்தில் கைவிடாதீர்கள், தயவுசெய்து: பலனைக் கணிக்க 12 வாரம் வேண்டும். பேஸ்மேக்கர் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் தொடவே கூடாது. சிறுநீரில் ரத்தமோ எரிச்சலோ இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.