47 வயதில் ஓவியம் கற்க: ஒருநாள் பயிலரங்கா, வார வகுப்பா?

கேள்வி: பல்லடம் கணக்கர்

அனைவருக்கும் வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். வீடு பல்லடம் பக்கம். பள்ளியில் படித்த காலத்தில் நோட்டின் கடைசிப் பக்கங்களில் காளை மாடு வரைந்து அடி வாங்கியதோடு சரி, முறையாக ஓவியம் கற்றதில்லை. கடந்த ஓராண்டில் கோவையிலும் திருப்பூரிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த மூன்று ஓவியப் பயிலரங்குகளுக்குப் பணம் கட்டிப் போய் வந்தேன். மூன்றிலும் நடந்தது ஏறத்தாழ ஒன்றுதான். கேன்வாஸ், அக்ரிலிக் வண்ணம், பிரஷ் எல்லாவற்றையும் அவர்களே கொடுத்தார்கள். பயிற்சி தருபவர் முன்னால் நின்று கட்டம் கட்டமாகத் தீட்டிக் காட்ட, இருபது பேரும் அவர் கையையே பார்த்துத் தீட்டினோம். மாலையில் இருபது பேரும் ஒரே மயிலைக் கையில் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டு கலைந்தோம்.

அந்த மயில் இப்போது கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் பாராட்டும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால், போன வாரம் சமையல் மேடையிலிருந்த ஒரு எவர்சில்வர் டம்ளரைப் பார்த்து வரைய உட்கார்ந்து, ஒன்றரை மணி நேரம் அழித்து அழித்து வரைந்தும், அது கவிழப் போகிற வாளி போலத்தான் வந்தது.

வாரம் ஒருநாள் வகுப்பில் சேர்வது பயன் தருமா, அல்லது இந்த வயதில் கைப்பழக்கம் வராது என்று விட்டுவிடுவது நல்லதா? வகுப்பு என்றால், நல்ல வகுப்பை எப்படி அடையாளம் காண்பது? பத்து வயது மகளுக்கும் வரைவதில் விருப்பம் இருக்கிறது. இருவரும் ஒரே இடத்தில் சேர முடியுமா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


மறுமொழி 1: கோபி ஓவிய ஆசிரியர் (ஓய்வு)

வணக்கம் ஐயா. கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பள்ளிகளில் பல ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்தவன் என்பதால், மயிலை விட்டுவிட்டு டம்ளருக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கான விடை அந்த டம்ளரில்தான் இருக்கிறது.

டம்ளரின் வாய் வட்டம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தெரிந்த வட்டத்தைக் கை வரைந்துவிடுகிறது. அடிப்பாகம் மேடையில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்பதும் தெரியும் என்பதால், அங்கே ஒரு நேர்க்கோட்டைப் போட்டுவிடுகிறது. கண்ணுக்குத் தெரிவது இதுவல்ல. டம்ளரைக் கையில் எடுத்து, அதன் விளிம்பு சரியாகக் கண் மட்டத்தில் நிற்கும்படி பிடித்துப் பாருங்கள். வாய் வெறும் கோடாகத் தெரியும். மெல்ல இறக்க இறக்க, அந்தக் கோடு திறந்து நீள்வட்டமாகும். இன்னும் இறக்கினால் நீள்வட்டம் அகன்றுகொண்டே போகும். மேடைமேல் இருக்கும் டம்ளரின் அடி, அதன் வாயைவிடக் கண்மட்டத்திலிருந்து கூடுதலாகக் கீழே இருக்கிறது. ஆகவே அடியின் வளைவு வாயின் வளைவைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்க வேண்டும். நீங்கள் அங்கே நேர்க்கோடு போட்டிருப்பீர்கள். அதனால்தான் அது கவிழப் பார்த்தது. இன்னொன்று, நீள்வட்டத்தின் இரு ஓரங்களும் கூராக முடியக் கூடாது, வளைந்தே திரும்ப வேண்டும். புதிதாக வரைகிறவர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் அங்கே மாங்கொட்டையைப் போலக் கூராக்கிவிடுவார்கள்.

இதைச் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் போதும். உங்கள் கை கேட்டு நடக்க ஐம்பது டம்ளராவது ஆகும். ஒருநாள் பயிலரங்கில் அந்த ஐம்பதுக்கு இடமில்லை. அன்று மாலைக்குள் எல்லோர் கையிலும் மாட்டத்தக்க ஒரு படம் இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தில், நீங்கள் பார்த்து முடிவெடுக்க வேண்டியவற்றையெல்லாம் பயிற்சி தருபவரே முன்கூட்டி முடிவெடுத்துவிடுகிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. பணம் கட்டியவர் வெறும் நீள்வட்டங்களோடு வீடு திரும்பினால் மறுமுறை வருவாரா?

வார வகுப்பைத் தேர்ந்தெடுக்க என்னிடம் பெரிய இலக்கணம் ஏதும் இல்லை. சேருவதற்கு முன் ஒரு வகுப்பு நேரத்தில் போய் அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்து வாருங்கள். சுவரில் இருக்கும் மாணவர் படங்கள் எல்லாம் ஒருவரே வரைந்தவை போல இருந்தால், அவை உண்மையிலேயே ஒருவர் வரைந்தவைதான்: ஆசிரியர். பென்சிலை வாங்கி மாணவரின் தாளிலேயே திருத்திக் கொடுக்கும் பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது, ஓரத்தில் தனியாக வரைந்து காட்டிவிட்டு ஒதுங்கி நிற்கப் பழகுவதற்குள் பாதிப் பணிக்காலம் போய்விட்டது. மேசைமேல் ஒரு போசியோ பூசணிக்காயோ இருக்கிறதா, அல்லது எல்லோரும் செல்பேசியில் இருக்கும் படத்தைப் பார்த்து வரைகிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

'லோயர்', 'ஹையர்' என்று வழங்கும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளுக்கு ஆயத்தம் செய்யும் ஆசிரியர்கள் நம் ஊர்ப்பக்கம் பலர் உண்டு. ஓவிய ஆசிரியர் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கான படி அது, உங்களுக்குச் சான்றிதழ் தேவையில்லை. ஆனாலும் கட்டற்ற கைவரைவு (அளவுகோல் போன்ற கருவி இல்லாமல் வெறுங்கையால் வரைதல்), பொருள்களைப் பார்த்து வரைதல் என்று அந்தப் பாடத்திட்டத்தில் ஒரு வரிசை இருக்கிறது. தேர்வு எழுதாவிட்டாலும் அந்த வரிசையில் பழகுவது நல்லது. மென்மையான 2பி, 4பி பென்சில்கள் இரண்டும், கார்ட்ரிட்ஜ் எனப்படும் தடித்த ஓவியத் தாளும் போதும். இருபத்துநான்கு வண்ணப் பெட்டியை ஆறு மாதத்துக்கு வாங்க வேண்டாம்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த கே. சி. எஸ். பணிக்கர், குடும்பச் சூழலால் தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு, 25 வயதில்தான் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பின்னாளில் அதே நிறுவனத்துக்கு முதல்வராகி, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக முன்னின்றார். 25 என்பது 47 இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் கணக்கு எழுதும் கை நேராகக் கோடு போடும் கை. உங்களுக்கு அந்த முதலீடு இருக்கிறது.

மகளுக்குத் தனியாகப் பாருங்கள். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரை சேர்க்கிறார்கள், கட்டணமும் குறைவு. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தால் பிள்ளையின் கோடு தயங்கும்.


மறுமொழி 2: ஈரோட்டு ஞாயிறு

ஆசிரியர் ஐயா சொன்னதோடு இன்னொரு வழியையும் சேர்க்க விரும்புகிறேன். நாங்கள் ஒன்பது பத்துப் பேர், மாதத்தில் ஒரு ஞாயிறு ஏதாவது ஓர் இடத்தில் கூடி வரைகிறோம். கட்டணம் இல்லை, ஆசிரியரும் இல்லை. வங்கியில் வேலை பார்க்கும் நான், பவானியில் ஜமக்காளத் தறி வைத்திருக்கும் ஒருவர், மருந்துக்கடைக்காரர், கல்லூரி மாணவிகள் மூவர் என்று கலவையான கூட்டம். இடத்துக்கே போய், கண்ணால் பார்ப்பதை அங்கேயே வரைவது என்ற வழக்கம், சியாட்டில் நகரில் 2007-இல் தொடங்கிய 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' இயக்கத்தால் உலகெங்கும் பரவியது. நாங்கள் அதில் உறுப்பினர்கள் இல்லை, வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கோயில் என்றால் முதலில் அலுவலகத்தில் சொல்லிவிட்டு, தரிசன வரிசைக்கு இடைஞ்சல் இல்லாத தூணோரமாக உட்காருவோம். நாற்பது நிமிடம் யாரும் பேசுவதில்லை. பிறகு எல்லாக் குறிப்பேடுகளையும் தரையில் வரிசையாக விரித்துவைத்துப் பார்ப்போம். வகுப்பு என்று சொன்னால் அந்தக் கால்மணி நேரம்தான் எங்களுக்கு வகுப்பு.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஒரு தூணில் வாலியும் சுக்ரீவனும் போரிடுகிறார்கள், இன்னொரு தூணில் இராமன் வில்லோடு மறைந்து நிற்கிறான். இராமன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் இராமன் தெரிய மாட்டான். எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான், வழிகாட்டிகள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. ஆனால் அன்று குறிப்பேடுகளை விரித்தபோது, இராமன் பக்கம் அமர்ந்தவர்களின் தாளில் வாலி இருந்தான். வாலி பக்கம் அமர்ந்த மாணவி ஒருத்தி மட்டும், தெரியாத இராமனையும் தன் தாளில் சேர்த்து வரைந்திருந்தாள். "அவன் அங்கே இருப்பது தெரியுமே அக்கா" என்றாள். ஆசிரியர் ஐயா டம்ளரின் அடியைப் பற்றிச் சொன்னதைப் படித்தவுடன் எனக்கு அந்தத் தாள்தான் நினைவுக்கு வந்தது.

நீர்வண்ணம் தொடங்கும்போது ஒரு சிறு எச்சரிக்கை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உங்கள் பல்லடம் பக்கம் எப்படி அடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை; வெளியில் உட்கார்ந்தால், வானத்துக்குப் பூசிய வண்ணம் பாதித் தாளைத் தாண்டுவதற்குள் காய்ந்து கோடு விழுந்துவிடும். அந்த இரண்டு மாதங்களும் நாங்கள் பென்சிலோடு நிறுத்திக்கொள்வோம். தாளும் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) அளவுக்குத் தடிமனாக இருந்தால்தான் தண்ணீர் பட்டு அலையலையாக மடங்காமல் இருக்கும்.


மறுமொழி 3: உடுமலை மண்வாசம்

பயிலரங்குகளை இருவரும் சற்றுக் கடுமையாகவே தள்ளிவைத்துவிட்டதாகத் தோன்றுகிறது. நான் மாறுபடுகிறேன். பணத்தை இழந்த அனுபவம் எனக்கு வார வகுப்பில்தான் ஏற்பட்டது: ஒரு பயிற்சி நிலையத்தில் ஆறு மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டினேன், மூன்று ஆசிரியர்கள் மாறினார்கள், மூவரும் முதல் பாடத்திலிருந்தே தொடங்கினார்கள்.

வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத ஒன்றை ஒருநாள் பயிலரங்கு தருமானால், அதற்குப் போவது வீணாகாது. எங்கள் பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குப் பொங்கலை ஒட்டி மக்கள் மாட்டு உருவாரங்களை, அதாவது மண்ணால் செய்த மாட்டு உருவங்களை, கொண்டுபோய் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி உருவாரம் செய்யும் பெரியவர் ஒருவரை அழைத்து, எங்கள் ஊர் இளைஞர்கள் ஒருநாள் பயிற்சி நடத்தினார்கள். காலை முழுவதும் மண் பிசைந்ததோடு சரி. பிசைந்த உருண்டையை அவர் கம்பியால் இரண்டாக அறுத்து, உள்ளே மிளகளவு காற்றுக்குழி தெரிந்தாலும் திருப்பித் தந்துவிட்டார். நான் என் காளையின் உடலைக் கெட்டியாக, உள்ளே கூடு இல்லாமல் செய்தேன்; "இது வேகாது சாமி, வெடிக்கும்" என்றார். அப்படியே ஆயிற்று. தடித்த மண்ணுக்குள் தங்கிவிட்ட ஈரம், சூளையில் நீராவியாகி வெளியேற வழியில்லாமல் காளையைப் பிளந்துவிட்டது. மற்றவர்களின் காளைகள் அரசமரத்தடியில் நிற்க, நான் நான்கு கால்களை மட்டும் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த நான்கு கால்களிலிருந்து தெரிந்துகொண்டது.

ஆகவே சூளை, அச்சு உருளை, துணியில் மெழுகு பூசிச் சாயமேற்றுவதற்கான அடுப்பு போன்றவை இருக்கும் பயிலரங்குகளுக்குத் தயங்காமல் போங்கள். கேன்வாஸும் மயிலும் மட்டும் என்றால் ஆசிரியர் சொன்னதே சரி.


மறுமொழி 4: கோபி ஓவிய ஆசிரியர் (ஓய்வு)

உடுமலை நண்பர் சொல்வதை ஏற்கிறேன். அவருடைய பயிலரங்கில் காளை வெடிக்க அனுமதித்தார்கள். கணக்கரின் பயிலரங்கில் மயில் கெட்டுப்போக யாரும் இடம் கொடுக்கவில்லை. நான் சொல்ல வந்ததும் அதுதான், சரியாகச் சொல்லவில்லை.


கேள்வி கேட்டவர்: பல்லடம் கணக்கர்

அனைவருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டு, இதுவரை 34 டம்ளர்கள் வரைந்திருக்கிறேன். பதினொன்றாவது வரை வாளிதான். பன்னிரண்டாவதில் அடி வளைவைத் துணிந்து கூடுதலாக வளைத்தேன். தாளில் பார்க்கத் தப்பாகத் தெரிந்தது, தாளைத் தள்ளிவைத்துப் பார்த்தால் டம்ளர் மேடைமேல் உட்கார்ந்திருந்தது. ஆசிரியர் ஐயா சொன்னபடி இரண்டு வகுப்புகளுக்குப் போய்ப் பேசாமல் உட்கார்ந்தும் வந்தேன். ஓரிடத்தில் சுவர் முழுக்க ஒரே குதிரை. இன்னோர் இடத்தில் மேசைமேல் ஒரு அம்மிக்கல் கிடந்தது, சுற்றி ஆறு பேர் ஆறு விதமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே சனிக்கிழமை மாலைக்குச் சேர்ந்துவிட்டேன். மகளைச் சிறுவர் மன்றத்தில் சேர்க்க விண்ணப்பம் வாங்கியிருக்கிறேன். மயிலை இன்னும் இறக்கவில்லை. வீட்டில் அதற்கு என்னைவிட ஆதரவு அதிகம்.

ஈரோட்டு அம்மணிக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குழு அடுத்து பேரூர் பட்டீசுவரர் கோயிலுக்கு வருவதாக இருந்தால் நானும் சேர்ந்துகொள்ளலாமா? கனகசபை மண்டபத்தின் மேல்தளத்திலிருந்து தொங்கும் கல் சங்கிலியை வரைந்து பார்க்க வேண்டும் என்று ஆசை; அதன் ஒவ்வொரு வளையமும் கண்மட்டத்துக்கு மேலே இருப்பதால், டம்ளருக்குப் படித்ததையெல்லாம் தலைகீழாகப் படிக்க வேண்டியிருக்கும் என்று தோன்றுகிறது. காலை எத்தனை மணிக்கு வர வேண்டும், உட்காரப் பாய் எடுத்துவர வேண்டுமா என்பதை மட்டும் தெரிவியுங்கள்.