எல்-1 விலைக்கு இறங்கத் தயார்; ஏன் அழைக்கவில்லை?

கையுறைக்காரி:
ராணிப்பேட்டையில் நான்கு தையல் மெஷின்கள் வைத்து, வெல்டிங் வேலைக்கான தோல் கையுறை தைக்கிறேன். பட்டியல் சாதியைச் சேர்ந்தவள். முதலாளியும் நானே, கணக்குப்பிள்ளையும் நானே. மத்தியப் பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் டெண்டரில் 4,000 ஜோடி கேட்டிருந்தார்கள். எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை சொன்னது, ஒரு பெரிய நிறுவனம். அவர்கள் விலை 110 ரூபாய், என்னுடையது 124. எல்-1 விலைக்கு மேல் 15 சதவீதத்துக்குள் இருக்கும் சிறு நிறுவனம், அந்த விலைக்கே இறங்கி ஒரு பங்கைத் தரலாம் அல்லவா? அந்தக் கணக்கில் 126.50 வரை செல்லும். எனக்கு அழைப்பே வரவில்லை. பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று சொல்லும் 4 சதவீதம் வெறும் காகிதம்தானா?

பட்டறைவாசி:
அந்த 4 சதவீதத்தை நம்பி மெஷின் வாங்கியவன் நான். தவணை மட்டும் தவறாமல் வருகிறது.

கோப்பு பார்த்தவன்:
அம்மா, கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். சிறு நிறுவனங்களிடம் வாங்குவதற்கான மத்திய அரசின் 2012 கொள்முதல் கொள்கையில் 4 சதவீதம் என்பது ஆண்டு மொத்தக் கொள்முதலுக்கான இலக்கு. சிறு நிறுவனங்களுக்கான 25 சதவீதத்துக்குள் அதுவும், பெண்களுக்கான 3 சதவீதமும் அடங்கும். நீங்கள் கேட்பது வேறு. எல்-1 சிறு நிறுவனம் இல்லையென்றால், நீங்கள் விலையை இறக்கி 25 சதவீதம் வரை, அதாவது 1,000 ஜோடி தரலாம். உங்களைப் போல் இன்னொருவர் இருந்தால் பங்கு பிரியும். ஆனால் வாங்கி விற்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. உத்யம் சான்றில், அதாவது உங்கள் சிறு தொழில் பதிவுச் சான்றில், முக்கியச் செயல்பாடு என்னவென்று பாருங்கள். என் மேசையில் பல விண்ணப்பங்கள் அந்த ஒரு வரியில்தான் கவிழ்ந்தன.

கையுறைக்காரி:
பார்த்தேன் ஐயா. வர்த்தகம் என்று இருக்கிறது. பதிவு செய்துகொடுத்த ஏஜென்ட் 1,500 ரூபாய் வாங்கினார். என்ன தொழில் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விரலெல்லாம் ஊசித் தழும்பு, சான்றில் நான் வியாபாரி!

கோப்பு பார்த்தவன்:
பதிவுக்கே கட்டணம் இல்லையே அம்மா. திருத்துவதற்கும் இல்லை, நீங்களே செய்யலாம். உற்பத்தி என்று மாற்றும்போது சமூகப் பிரிவு சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இந்த டெண்டர் போனது போனதுதான். அது சரி, 110 ரூபாய் உங்களுக்குக் கட்டுமா?

கையுறைக்காரி:
தோல் விலை ஏறாவிட்டால் ஜோடிக்கு 6 ரூபாய் நிற்கும். 1,000 ஜோடிக்கு 6,000. அதுவும் சட்டம் சொல்லும் 45 நாளுக்குள் பணம் வந்தால். இன்று இரவே திருத்துகிறேன்.